புதிய 10 மீட்டர் ஏர் ரைஃபிளைத் தயார் செய்வது எப்படி: பட் பிளேட் முதல் பெல்லட் தேர்வு வரை

முதலில் அளவுகளைப் பார்த்துவிடுவோம். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம்தான். பெல்லட் எனும் ஈயக் குண்டின் விட்டம் 4.5 மி.மீ. அதன் ஓரம் நடுப்புள்ளியைத் தொட்டாலே 10.0 கிடைத்துவிடும். அதாவது பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழ வேண்டும். அதற்கும் உள்ளே ஒவ்வொரு 0.25 மி.மீ. நெருங்க நெருங்க 0.1 புள்ளி கூடும். 10.9 வேண்டுமென்றால் கால் மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும்.

இதே கணக்கைத் துப்பாக்கியின் பக்கமிருந்து பாருங்கள். குறி பார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 75 செ.மீ. இருந்தால், இலக்கில் 2.5 மி.மீ. விலகுவதற்கு முன் சைட் 0.2 மி.மீ. கூட நகர வேண்டியதில்லை. இவ்வளவு சிறிய அசைவைக் கையின் பலத்தால் அடக்க யாராலும் முடியாது. எலும்புகள் தாங்க, தசைகள் தளர்ந்திருக்க, ரைஃபிள் தானாக இலக்கைப் பார்த்து நிற்கும்படி அதை உடம்புக்கு ஏற்ப அமைப்பதுதான் வழி.

அதனால் வேலையின் வரிசை முக்கியம். முதலில் உடம்புக்குப் பொருத்துவது, பிறகு சைட், அப்புறம் ட்ரிகர், கடைசியில் பெல்லட். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ரைஃபிள் கைக்கு வந்த வாரமே பத்து வகை பெல்லட் வாங்கிச் சுட்டுப் பார்க்கிறார்கள். தோளில் பதியும் பின்தகடான பட் பிளேட் ஒவ்வொரு ஷாட்டுக்கும் வேறு வேறு இடத்தில் உட்காரும்போது, எந்த பெல்லட் நல்லது என்று இலக்கு எப்படிச் சொல்லும்?

கீழே உள்ள விளக்கம் வலது கைக்காரர்களுக்கானது. இடது கைக்காரர்கள் மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் திறந்ததும்

ஏர் ரைஃபிள் வாங்கவும் வைத்திருக்கவும் ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வேறு. உங்கள் ஊரில் உரிமம் தேவையா, வயது வரம்பு உண்டா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். சுடுவது முறையான ரேஞ்சில் மட்டும். ஒரு போட்டி ஏர் ரைஃபிளின் பெல்லட் நொடிக்கு 170 முதல் 175 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. கண்ணைப் பறிக்க அது போதும். எனவே பெட்டியைத் திறந்த நிமிடத்திலிருந்தே பழக்கங்கள் தொடங்கட்டும்: குழல் எப்போதும் பாதுகாப்பான திசையில், விரல் ட்ரிகருக்கு வெளியே, சுடாத நேரத்தில் லோடிங் பகுதி திறந்து பாதுகாப்புக் கொடி சொருகியபடி.

அடுத்து, காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டர். பெரும்பாலான ரைஃபிள்களில் 200 பார் அழுத்தம் வரை காற்று நிரப்பலாம். சிலிண்டர் மீது தயாரிப்புத் தேதியோ காலாவதித் தேதியோ பொறித்திருக்கும். பொதுவாக 10 ஆண்டுகளுக்கு மேல் அதைப் பயன்படுத்தக் கூடாது. போட்டிக்குப் போனால் அந்தத் தேதிக்கு நீங்கள்தான் பொறுப்பு. நிரப்பும்போது வால்வை மெதுவாகத் திறங்கள். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகும், ஆறியபின் அழுத்தம் குறைந்து காட்டும். உள்ளே போக வேண்டியது உலர்ந்த, சுத்தமான காற்று மட்டுமே. ஆக்சிஜனையோ வேறு வாயுவையோ ஒருபோதும் நிரப்பக் கூடாது; உயர் அழுத்த ஆக்சிஜனும் துளி எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் சிலிண்டரை விட்டுப் போகாதீர்கள்.

பெட்டியில் ஒரு சோதனை இலக்கு அட்டையும் இருக்கும். தொழிற்சாலையில் அந்த ரைஃபிளைப் பிடிப்பானில் இறுக்கிச் சுட்ட குரூப், அதாவது ஷாட்டுகள் விழுந்த கூட்டம், அது. அதைப் பத்திரமாக வையுங்கள், பெல்லட் சோதனையின்போது தேவைப்படும்.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். நகரக்கூடிய ஒவ்வொரு பகுதியின் ஆரம்ப நிலையையும் அதில் குறித்துவிட்டுத்தான் முதல் திருகைத் தொட வேண்டும். அளவுகோல் பொறிக்காத பகுதிகளில் மெல்லிய பட்டையை ஒட்டிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கைபேசியில் படமும் எடுத்து வைக்கலாம், ஆனால் படம் மில்லிமீட்டரைச் சொல்லாது.

உடம்புக்குப் பொருத்துவது

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஜாக்கெட், பேண்ட், ஷூ, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும். டி-ஷர்ட்டில் பார்த்துப் பார்த்து வைத்த நீளம், ஜாக்கெட் போட்டதும் மாறிவிடும்.

முதலில் ரைஃபிள் இல்லாமல் நில்லுங்கள். கால்கள் தோளகலத்தில், இலக்குக்குப் பக்கவாட்டில். இடுப்பை இலக்கின் பக்கம் லேசாகத் தள்ளி, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றுங்கள். எல்லோருக்கும் முழங்கை இடுப்பெலும்பை எட்டாது; கை குட்டையாக இருந்தால் விலாவில் சாய்ந்து நிற்கும், அதிலும் தவறில்லை. தலை நேராக இருக்கட்டும். இப்போது உங்கள் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கேதான் ரைஃபிள் வந்து சேர வேண்டும். தலை ரைஃபிளைத் தேடிக் குனியக் கூடாது. நான் சொல்ல வருவதில் பாதி இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

அப்புறம் ரைஃபிளை இடது கையில் வாங்குங்கள். கை தாங்கும் இடம், ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையமான ட்ரிகர் கார்டுக்கு முன்னால், ரைஃபிளின் சமநிலைப் புள்ளிக்கு அருகில் வரும். ரைஃபிள் கண்ணுக்குக் கீழேயே நிற்கிறதென்றால், உள்ளங்கையை இன்னும் உயர்த்தத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். இடது கை தாங்கும் பகுதியான முன்கட்டையின் உயரத்தைக் கூட்டுங்கள், அல்லது உள்ளங்கைக்குப் பதில் மடக்கிய விரல்களில் தாங்குங்கள். மணிக்கட்டு நேராக இருந்தால் சுமை எலும்பு வழியே இடுப்புக்கு இறங்கும். வளைந்தால் பத்து நிமிடத்தில் முன்கை நடுங்கும்.

அடுத்தது பட் பிளேட். ரைஃபிள் தோளுக்கு மேலே உயர வேண்டுமானால் பட் பிளேட்டைக் கீழே இறக்க வேண்டும். முதல் தடவை செய்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். வளைவின் முழு நீளமும் தோளில் ஒட்டி உட்கார வேண்டும். கீழ் முனை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் கோணத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு தடவை ரைஃபிளை உயர்த்தும்போதும் பட் பிளேட் ஜாக்கெட்டின் அதே மடிப்பில், அதே தையலில் போய் உட்காருகிறதா என்று பாருங்கள். குரூப் மேலும் கீழுமாக நீண்டுகொண்டே போனால் நான் முதலில் சந்தேகிப்பது இந்த இடத்தைத்தான். மூச்சு அதற்கு அடுத்தது.

நீளத்தை வைப்பதற்கு வலது கையைப் பாருங்கள். பிஸ்டல் கிரிப்பைப் பிடித்ததும் தோள் முன்னால் இழுபடவும் கூடாது, முழங்கை பின்னால் நெருக்கப்படவும் கூடாது. ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் சதைப்பகுதி ட்ரிகரில் படிந்து, நேராகப் பின்னோக்கி அழுத்த வேண்டும். ட்ரிகர் பிளேடை முன்னும் பின்னும் நகர்த்தலாம் என்பதால், முதலில் தோளுக்கும் கைக்கும் ஏற்ற நீளத்தை வைத்துவிட்டு, விரலுக்கு ட்ரிகரைக் கொண்டு வாருங்கள்.

இப்போது கன்னத் தாங்கி. கண்ணை மூடுங்கள். ரைஃபிளை உயர்த்தி, தலையின் எடையை அப்படியே கன்னத் தாங்கியில் இறக்கி வையுங்கள், அழுத்த வேண்டாம். கண்ணைத் திறந்தால் பின் சைட்டின் துளைக்கு நேராகப் பார்வை இருக்க வேண்டும். பார்வை மேலே போனால் தாங்கியை இறக்குங்கள், கீழே போனால் ஏற்றுங்கள், பக்கவாட்டில் விலகினால் பக்கவாட்டில் நகர்த்துங்கள். கழுத்தை நீட்டித் துளையைத் தேட வேண்டியிருந்தால் அமைப்பு இன்னும் முடியவில்லை. உயரமான, நீண்ட கழுத்துள்ளவர்களுக்குத் தாங்கியை எவ்வளவு ஏற்றினாலும் போதாது. அவர்கள் இரண்டு சைட்டுகளுக்கும் அடியில் ஒரே உயரத்தில் ரைசர் என்ற உயர்த்தும் துண்டைப் போட்டுக்கொள்ளலாம்.

சாய்வைப் பற்றி ஒரு வார்த்தை. ரைஃபிளைத் தலைப்பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடிப்பது பலருக்கு இயல்பு, அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் சாய்வு ஷாட்டுக்கு ஷாட் மாறக் கூடாது. பெல்லட் 10 மீட்டரைக் கடப்பதற்குள் ஏறத்தாழ 17, 18 மி.மீ. தாழ்கிறது. சாய்வு ஒரு டிகிரி மாறினாலே பெல்லட் சுமார் 0.3 மி.மீ. பக்கவாட்டில் போய்விடும். ஒரு தசமப் புள்ளிக்கு மேல் அங்கேயே போச்சு. முன் சைட்டில் ஒரு சிறிய நீர்மட்டம் இருந்தால் நிம்மதி.

எடைகளைக் கடைசியாகத் தொடுங்கள். போட்டி விதிப்படி சைட்டுகள் உட்பட மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. குழலின் முன்பக்கம் எடை கூடினால் அசைவு மெதுவாகும், ஆனால் இடுப்பும் முதுகும் அதற்கு விலை கொடுக்கும். வளரும் பிள்ளைகளுக்கு எடை சேர்க்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

எல்லாம் ஆனதும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். இலக்கைப் பார்த்து நின்று, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறங்கள். குறி எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் உடம்பின் இயல்பான திசை. அது இலக்கின் வலப்புறம் இருந்தால் கையால் இழுக்காமல் பின்னங்காலை நகர்த்துங்கள். மேலே கீழே இருந்தால் பட் பிளேட்டையோ முன்கட்டையையோ சிறிது மாற்றுங்கள். இனிமேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது.

சைட்

முன் சைட்டுக்குள் வளையம், அதற்குள் இலக்கின் கறுப்பு வட்டம், இரண்டையும் சுற்றிப் பின் சைட்டின் துளை. மூன்றும் ஒரே மையத்தில் நிற்க வேண்டும்.

வளையத்தின் அளவைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் இறுக்கமானதை விரும்புகிறார்கள். துல்லியமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். நடைமுறை வேறு. வளையத்துக்கும் கறுப்புக்கும் இடையே உள்ள வெள்ளை மிகவும் மெலிந்தால், அது ஒரு பக்கம் கூடுகிறதா குறைகிறதா என்று கண்ணால் தீர்மானிக்க முடியாது. சந்தேகம் வரும், ஷாட் தாமதமாகும், கண் களைத்துவிடும். புதியவர்கள் 4.2 முதல் 4.5 மி.மீ. வரை உள்ள வளையத்தில் தொடங்கலாம். உங்கள் அசைவு குறையும்போது கீழே இறங்கலாம்.

பின் துளையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஐரிஸ் இருந்தால் 1.1 அல்லது 1.2 மி.மீ.யில் வைத்துப் பாருங்கள். துளை சிறியதானால் உருவம் கூர்மையாகும், வெளிச்சம் குறையும். ரேஞ்சுக்கு ரேஞ்ச் வெளிச்சம் மாறுவதால் இதை அவ்வப்போது மாற்றுவது இயல்புதான். தலையை இயல்பாக வைத்த நிலையில், முன் சைட்டின் குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே அளவு ஒளி வளையம் தெரியும்படி பின் சைட்டை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். சைட்டுக்காகத் தலையை நகர்த்த வேண்டாம். இடது கண்ணை இறுக மூடுவதும் வேண்டாம், முகம் முழுக்க இறுகிவிடும். வெளிர் நிறத் தகடு ஒன்றால் மறைத்தால் போதும்.

ஜீரோ செய்யும்போது, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சைட்டைத் திருத்தும்போது, ஒரு ஷாட்டைப் பார்த்துத் திருகைத் திருப்பாதீர்கள். ஐந்து ஷாட் சுட்டு, குரூப்பின் நடுவைப் பார்த்துத் திருப்புங்கள். பின் சைட் எந்தப் பக்கம் நகர்கிறதோ, குண்டு விழும் இடமும் அந்தப் பக்கமே நகரும். குமிழ்களில் எழுதியிருக்கும் எழுத்துகளின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே முதல் நாளே பத்து கிளிக் திருப்பி, குரூப் எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்று அளந்து நோட்டில் எழுதிவிடுங்கள். அப்புறம் போட்டியில் பதற்றத்தில் யோசிக்க வேண்டியிருக்காது.

ட்ரிகர்

ஏர் ரைஃபிளில் ட்ரிகர் எடைக்குக் குறைந்தபட்ச வரம்பு இல்லை. முன்கூட்டியே தயார் செய்துவைத்து மிக லேசான தொடுதலில் விடுபடும் செட் ட்ரிகர்தான் கூடாது. அனுபவமுள்ளவர்கள் 100 கிராமை ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். புதியவர்கள் அதைப் பார்த்து அப்படியே வைக்க வேண்டியதில்லை. விரலுக்கு உணர்ச்சி பழகும் வரை கொஞ்சம் கனமாகவே இருக்கட்டும்.

இரண்டு கட்ட ட்ரிகரில் முதல் கட்டம் நீண்டு, சீராக வந்து, ஒரு சுவரில் முட்டி நிற்பது போல நிற்க வேண்டும். அந்தச் சுவரைத் தாண்டினால் ஷாட். மொத்த எடையில் பெரும்பங்கு முதல் கட்டத்தில் இருந்தால், சுவரை அடைந்தபின் சிறிதளவு அழுத்தமே போதும். முதல் கட்ட எடை, இரண்டாம் கட்ட எடை, சுவரின் இடம், ஷாட்டுக்குப் பின் ட்ரிகர் நகரும் தூரம் என்று தனித்தனித் திருகுகள் இருக்கும். கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கால் திருப்புக்கு மேல் போகாமல் செய்யுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பெல்லட் இல்லாமல், குழலை இலக்குப் பக்கம் வைத்து, சுடத் தயார் நிலைக்குக் கொண்டுவந்து (காக் செய்து), ரைஃபிளின் உடற்கட்டையான ஸ்டாக்கைக் கையால் தட்டிப் பாருங்கள். ட்ரிகர் தானாக விடுபட்டால் அந்த அமைப்பு ஆபத்தானது, உடனே பழைய நிலைக்குத் திரும்புங்கள். அது தேறிய பின் டிரை ஃபயர், அதாவது பெல்லட் இல்லாமல் சுடுவது, செய்து பழகுங்கள். போட்டி ரைஃபிள்களில் காற்றை வீணாக்காமல் ட்ரிகரை மட்டும் இயக்கும் வசதி உண்டு. ட்ரிகர் விடுபட்டபோது வளையம் இலக்கின் மேல் அசையாமல் நின்றதா? அதற்குப் பதில் ஆம் என்று வரும் வரை பெல்லட்டைத் தொட அவசரமில்லை.

பெல்லட் சோதனை

பெல்லட்டைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் கணக்கும் இருக்கிறது. சுடுபவரின் சிதறலும் பெல்லட்டின் சிதறலும் நேராகக் கூடுவதில்லை. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். உங்கள் சிதறல் 10 மி.மீ., பெல்லட்டின் சிதறல் 1.5 மி.மீ. என்றால் மொத்தம் தோராயமாக 10.1 மி.மீ. உலகின் சிறந்த பெல்லட்டைப் போட்டாலும் குறைவது அந்த 0.1தான். நீங்கள் 5 மி.மீ.க்கு வந்த பிறகு மொத்தம் 5.2 ஆகிறது. அப்போதுதான் பெல்லட் தேர்வு இலக்கில் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

இதற்குத் தட்டையான தலை கொண்ட 4.5 மி.மீ. போட்டி பெல்லட்டுகளே வேண்டும். ரைஃபிளுக்கானவை ஏறத்தாழ 0.53 கிராம் எடை இருக்கும். டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று தலையின் விட்டம் எழுதியிருக்கும். உங்கள் குழலுக்கு எது பிடிக்கும் என்பதைச் சுட்டுத்தான் அறிய முடியும். ஒரே நிறுவனம், ஒரே விட்டம் என்றாலும் லாட் (உற்பத்தித் தொகுதி) எண் மாறினால் குரூப் மாறலாம். அச்சு தேய்வதும் ஈயத்தின் தன்மையும் லாட்டுக்கு லாட் வேறுபடும். ஆகவே நீங்கள் சோதிப்பது பெயரை அல்ல, லாட் எண்ணை.

சோதனையில் மனிதரின் கை இருக்கவே கூடாது. ரேஞ்சில் பிடிப்பான் இருந்தால் ரைஃபிளை அதில் இறுக்குங்கள். இல்லையென்றால் மேசையில் மணல் பைகள் மேல், எப்போதும் ஒரே இடத்தில் தாங்கி வைத்துச் சுடலாம். பிடிப்பானைவிட இது மட்டம்தான், ஆனாலும் மோசமான லாட்டுகளைக் கழித்துவிட உதவும். சிலிண்டரில் போதுமான அழுத்தம் இருக்கட்டும். லாட்டை மாற்றும்போதெல்லாம் முதல் சில பெல்லட்டுகளைக் கணக்கில் எடுக்காமல் சுட்டுவிடுங்கள், குழலில் முந்தைய ஈயத்தின் படிவு இருக்கும். பெல்லட்டை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி முழுமையாக உள்ளே தள்ளுங்கள். பின்பக்கப் பாவாடை நசுங்கியதை எடுத்து ஒதுக்கிவிடுங்கள். காற்றை அடைப்பது அந்தப் பகுதிதான்.

ஒரு குரூப்புக்குப் பத்து ஷாட். ஐந்து ஷாட் குரூப் எப்போதும் சிறியதாகத்தான் தெரியும், ஏனென்றால் ஓடிப்போகும் ஷாட்டுக்கு வாய்ப்பே குறைவு. அதை நம்பி ஆயிரக்கணக்கில் பெல்லட் வாங்கக் கூடாது. ஒரு லாட்டுக்குக் குறைந்தது மூன்று குரூப்பாவது சுட்டு, அவற்றில் மிக மோசமானதை வைத்து ஒப்பிடுங்கள். குரூப்பின் வெளி ஓரங்களுக்கு இடையே அளந்து 4.5ஐக் கழித்தால் மையங்களுக்கு இடையிலான தூரம் கிடைக்கும். பிடிப்பானில் வெளி அளவு 5.5 மி.மீ.யை ஒட்டி வந்தால் அந்த லாட்டைத் தயங்காமல் வாங்கலாம். தொழிற்சாலை அட்டையை இப்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதைவிட மிகப் பெரிதாக எல்லா லாட்டுகளும் வந்தால், கோளாறு பெல்லட்டில் இல்லை. சைட்டின் திருகு, ஸ்டாக்கின் திருகு, பிடிப்பான் எல்லாவற்றையும் சோதியுங்கள். ஸ்டாக் திருகுகளைக் கையேடு சொல்லும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்க வேண்டும், குத்துமதிப்பாக அல்ல.

குரோனோகிராஃப் கிடைத்தால் வேகத்தையும் அளந்து பாருங்கள். நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் மாறினால் இலக்கில் 0.2 மி.மீ. மேலோ கீழோ போகும். மூன்று மீட்டர் மாறினால் 0.6 மி.மீ., அதாவது இரண்டு தசமப் புள்ளிக்கு மேல். எல்லா பெல்லட்டிலும் வேகம் இப்படித் தாறுமாறாக ஏறி இறங்கினால், காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரைப் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

பெல்லட்டை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பிரிப்பவர்களும் உண்டு. நல்ல லாட் ஒன்று கிடைத்துவிட்டால் அந்த நேரத்தை டிரை ஃபயரில் செலவிடலாம் என்பேன். பயிற்சிக்கு விலை குறைந்த பெல்லட்டைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே போட்டி லாட்டுக்கு மாறி ஜீரோவைச் சரிபார்த்துவிடுங்கள், இரண்டின் குரூப் மையமும் ஒரே இடத்தில் இருக்காது. பெல்லட் ஈயம் என்பதை மறக்க வேண்டாம். சுட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது, பெல்லட்டை வாயில் வைக்கவே கூடாது.

பராமரிப்பு

அதிகம் இல்லை. குழலை நிறுவனம் சொல்லும் இடைவெளியில் ஃபெல்ட் கொண்டு துடைத்தால் போதும். இரும்புக் கம்பியை உள்ளே விடாதீர்கள். துடைத்த பிறகு சில பெல்லட் சுட்ட பின்பே குரூப் பழைய நிலைக்கு வரும். உயர் அழுத்தப் பகுதிகளில் சாதாரண எண்ணெய் படக் கூடாது. காற்று கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் வளையத்துக்கு நிறுவனம் தரும் கிரீஸ் மட்டும். விமானத்தில் போவதாக இருந்தால் சிலிண்டரைக் காலி செய்து தனியாக எடுத்து வைக்க வேண்டியிருக்கும், விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்ந்த இடத்தில் ரைஃபிளின் பகுதிகளைச் சேர்த்துப் பொருத்தியதும் நோட்டைத் திறந்து, பட் பிளேட்டின் உயரம், நீளம், கன்னத் தாங்கி, பின் சைட்டின் இடம் என்று ஒவ்வொரு எண்ணையும் பொருத்திப் பாருங்கள். பயணத்தில் ஏதாவது நகர்ந்திருந்தால் முதல் ஷாட்டுக்கு முன்பே தெரிந்துவிடும். எண்கள் எல்லாம் பொருந்தியும் குரூப் தள்ளி விழுந்தால், பட் பிளேட்டையோ கன்னத் தாங்கியையோ தொடாமல் சைட்டில் கிளிக்கை மட்டும் மாற்றுங்கள்.